ஒரு தேக்கரண்டி நொதி

உஷ்ஷ் என்று ஒரு சத்தம். அதட்டுகிற உஷ் இல்லை. மடியில் கிடக்கிற பிள்ளை தூக்கத்தில் சிணுங்கும்போது முதுகைத் தட்டிக்கொண்டே சொல்வோமே, அந்த உஷ். அதை நான் பார்ப்பதற்கு முன்னால் கேட்டேன். அப்போதும் இப்படித்தான், இதே ஆஸ்பத்திரி, கண்ணில் கட்டு. என் தம்பி மனைவி போனை என் காதில் வைத்தாள். மறுபக்கம் பேச்சே இல்லை. அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு என் மருமகள் குரல்.

"அத்தை, கேக்குதா? எரியுது."

நீங்கள் கண்ணைத் திறக்காதீர்கள் அம்மா. சொட்டு மருந்து விட்டபிறகு திறந்தால் அந்த நர்ஸுப் பெண் சத்தம் போடுவாள். பாவை விரிகிற வரைக்கும் நாம் இரண்டு பேரும் இப்படியே மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உங்களுக்கு எந்தக் கண்? வலதா? எனக்கு வலது ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. இப்போது இடது. பயப்படாதீர்கள், வலி ஒன்றும் கிடையாது.

துணைக்கு யார் வந்திருக்கிறார்கள்? மகளா? நல்லது. என்னோடு வந்திருப்பது வாடகைக் கார் டிரைவர். துணை இல்லாமல் சேர்க்கமாட்டோம் என்றார்கள், அவர் பெயரையே எழுதிக்கொடுத்துவிட்டேன். உறவுமுறை என்ன என்று கேட்டார்கள். தெரிந்தவர் என்றேன். வெளியே காரில் தூங்கிக்கொண்டிருப்பார், பாவம்.

எரிந்தது என்னவா? அடுப்புதான். வாழை மட்டையில் வந்த கேஸ்.

எங்களுக்குத் தொட்டியம் பக்கம். ஆற்றுப் பாசனம், எங்கு பார்த்தாலும் வாழை. தார் வெட்டிய பிறகு மரத்தை என்ன செய்வது? வெட்டி வரப்பில் போடுவோம். கிடந்து அழுகும், கொசு வரும். என் மகன் செழியன் அதைப் பார்த்துப் பார்த்து, இதில் கேஸ் எடுக்கலாம் என்று ஆரம்பித்தான். சாண எரிவாயு எல்லா ஊரிலும் இருப்பதுதான். இவனுக்குச் சாணம் இல்லாமல், மட்டையிலேயே எடுக்கவேண்டும். கிணறு மாதிரி ஒரு குழி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். இவனுடைய டிரம் எழும்பவே இல்லை. ஏன் என்றால் வாழை நார் இருக்கிறதே, அது சாமானியமாகக் கரையாது. கயிறு திரிக்கிற நார் அது. மாட்டு வயிறு வேறு, நம் குழி வேறு.

அவன் மனைவி பூங்கோதைதான் அவனுக்கு வழி சொன்னாள். அவள் நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. நொதி என்று ஒன்று. பழுப்பாக, மாவு மாதிரி இருக்கும், பூசணம் பிடித்த ரொட்டி வாசனை. மட்டையை நறுக்கித் தொட்டியில் ஊறப்போட்டு அதில் ஒரு தேக்கரண்டி கலந்துவிட்டால் நாரை அது சர்க்கரையாக வெட்டிவிடும். மறுநாள் எடுத்துக் குழியில் ஊற்றினால் அங்கே இருக்கிற கிருமிகள் அதைத் தின்று கேஸாக ஆக்கும். எனக்கு இதெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் திருச்சியில் கெமிஸ்ட்ரி படித்தவள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வினையூக்கி நடத்தியிருக்கிறேன். வினையூக்கி என்றால் என்ன? வினையை விரைவுபடுத்துவது. அவ்வளவுதானே.

அந்த நொதி வாங்கத்தான் செழியன் கோயம்புத்தூர் போனான். திரும்பி வரும்போது, முசிறி வரைக்கும் வந்துவிட்டான். முசிறி வரைக்கும். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, நிறுத்தியிருந்த தன் வண்டியை எடுத்திருக்கிறான். ரோட்டில் யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள். வழுக்கியது வண்டி. அவ்வளவுதான்.

அவனுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே டப்பா இருந்தது. ஒரு நெளிவுகூட இல்லை.

நான் அழவில்லை. இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள், டீச்சர் அழவேயில்லை என்று. அந்த டப்பாவைக் கழுவித் துடைத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பூங்கோதையின் அப்பா கோடிப் புடவையோடு வந்தார். அரியலூர்க்காரர். நல்ல மனுஷர். பிள்ளைகுட்டி இல்லை, பெண்ணுக்கு வயதிருக்கிறது, ஓசூரில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், அழைத்துக்கொண்டு போகிறேன் என்றார். சபை நடுவில் என்னைப் பார்த்து, "சம்பந்தியம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

நான் என்ன சொல்ல? "அவ இஷ்டம்" என்றேன். இரு என்று சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, என்றைக்கும் சொல்லவில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

பூங்கோதைதான் சொன்னாள். "அப்பா, அவர் ஆரம்பிச்சது பாதியில நிக்குது. அத எரியவெச்சுட்டு வர்றேன். அடுப்பு எரிஞ்ச அன்னைக்கு நீங்க வண்டி எடுத்துட்டு வாங்க."

"வாழ மட்டை எரிஞ்சு நான் உன்னக் கூட்டிட்டுப் போறதா?"

"எரியும்ப்பா."

அவர் புடவையை வைத்துவிட்டுப் போனார்.

உடனே வேலையை ஆரம்பித்துவிட்டாள். காலையில் மட்டையை நறுக்குவாள். சதக் சதக் என்று ஈரச் சத்தம் வரும், கைகால் எல்லாம் வாழைக்கறை. குழிக்கு முதலில் கொஞ்சம் சாணம் வேண்டும், அதில்தான் கேஸ் கிருமி இருக்கிறது. அதற்குப் பால்காரி செல்லாயியைப் பிடித்தோம். அவள் வாய் சும்மா இருக்காது.

"ஏன் டீச்சரம்மா, வாழத்தண்டுல கூட்டு வரும், பொரியல் வரும், கேஸ் எப்படி வரும்?"

"வரும் செல்லாயி."

"நாங்கூட அமாவாசைக்குத் தண்டு திங்கறேன். எனக்குத்தான் கேஸ் வருது, அடுப்புக்கு வரல."

பூங்கோதை சிரித்தாள். அவன் போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், தெரியவில்லை.

டிரம் எழும்பியது. முதல் கேஸ் எரியாது, அது கரியமில வாயு, திறந்து விட்டுவிட வேண்டும். விட்டாள். இரண்டாவது தடவையும் எழும்பியது. அதற்குப் பிறகுதான் ஒருநாள் காலையில் குழியில் இருந்த குழம்பைக் கொஞ்சம் எடுத்து, புளிப்பு பார்க்கிற கலர் பேப்பரை அதில் நனைத்துப் பார்த்தாள். பச்சையாக இருக்க வேண்டியது, மஞ்சளாக இருந்தது. புளித்துப்போயிருந்தது. வாசனையே சொன்னது, காடி வாசனை. சர்க்கரை அதிகமாகி, அது அமிலமாகி, அமிலத்தில் கேஸ் கிருமி செத்துப்போகும். அடுப்பில் குச்சியைக் கிழித்து வைத்தால் அது குச்சியையே அணைத்தது.

"ஏன்னு தெரியல அத்தை. அளவாத்தானே போட்டேன்."

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி, மறுபடி செல்லாயியிடம் சாணம் வாங்கி, மறுபடி முதலிலிருந்து. ஒரு மாதம் போயிற்று. பேப்பர் பச்சைக்கு வரும், டிரம் எழும்பும், அடுப்பு ஒரு தடவை பக்கென்று பிடித்து அணையும். அடுத்த வாரம் புளித்துவிடும். அவள் அப்பாவுக்குப் போன் செய்து இன்னும் ஆகவில்லை என்பாள். நான் பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன்.

நான் ஒன்று சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள். அவ்வளவு பெரிய குழி. அதற்கு அவள் போடுவது ஒரு தேக்கரண்டி, அதையும் விரலால் வழித்து மட்டம் பண்ணிப் போடுவாள். பச்சைப்பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி. என் பிள்ளை உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்தது, அதை இப்படி வழித்து வழித்துப் போட்டால் எப்போது எரிவது? எப்போது அந்தப் பெண் ஊர்போய்ச் சேர்வது? அவள் சாயங்காலம் குளிக்கப் போவாள். அந்த நேரத்தில் நான் போய்த் தொட்டியில் ஒரு கைப்பிடி தூவிவிட்டு வருவேன். தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த மரத்துப் பழம் கனிந்து வீணாகக் கிடக்கும், அதையும் பிசைந்து ஒரு வாளி குழி வாயில் ஊற்றுவேன். குழி வாயில் ஊற்றினால் களக் களக் என்று உள்ளே போகும். பசித்த பிள்ளை விழுங்குகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். நமக்குத் தாராளக் கை அம்மா, அளந்து போட்டுப் பழக்கமில்லை. சீக்கிரம் ஆகட்டும், அவள் சீக்கிரம் போகட்டும் என்றுதான்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் அத்தை உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பாள்.

அந்த மாதங்களில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அவன் இருந்தபோது அவர்கள் முன்னால் சாப்பிடுவார்கள், நான் பின்னால் சாப்பிடுவேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அவளுக்குப் பாகற்காய் பிடிக்கும் என்று. வெள்ளிக்கிழமை எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள். வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். எனக்குத் தூக்கம் வந்துவிடும். அவன் போனபிறகு எனக்குத் தூக்கம் வந்தது அந்த ஒரு நேரத்தில்தான்.

ஒருநாள் கேட்டாள். டப்பா கையில் இருந்தது.

"அத்தை, தொட்டியில நீங்க எதாவது போடறீங்களா?"

"நான் என்னம்மா போடப்போறேன்?"

பொய் இல்லை. எதாவது என்றால் வேறு ஏதாவது. நான் போட்டது அதே பொடிதானே.

அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கை வாழைக்கறையாக இருந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அப்புறம் என்ன கேட்டாள் தெரியுமா? "அத்தை, உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?" என்று கேட்டாள்.

பாருங்கள், என்ன அக்கறை. என் கண்ணுக்கு அப்போது அவசரமே இல்லை. புரை இருந்தது, இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கேட்கவில்லை. மறுநாளே இங்கே போன் செய்து தேதி வாங்கிவிட்டாள். உறையூரில் இருக்கிற என் தம்பி வீட்டுக்குச் சொல்லி, ஆபரேஷனுக்கு முன்னாலேயே என்னை அங்கே கொண்டுபோய் விட்டாள். நீயும் இங்கேயே இரேன் என்றதற்கு, "குழிய யார் பாக்கறது?" என்றாள். இங்கே வந்தால் எனக்குச் சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, குறைந்தால்தான் கத்தி வைப்போம் என்றுவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டு அப்புறம் இங்கே திரும்புகிறேன் என்று அவளுக்குப் போன் செய்தேன்.

"வேணாம் அத்தை. அங்கேயே இருங்க. சக்கர குறையட்டும். அவசரமே இல்ல."

அப்படி ஒரு அக்கறை. பெற்ற மகளுக்குக்கூட இருக்காது. சர்க்கரை குறைய நாளாயிற்று. குறைந்து, ஆபரேஷன் முடிந்து, கட்டோடு படுத்திருக்கும்போதுதான் அந்தப் போன். உஷ்ஷ் என்று.

"எரியுதா?" என்றேன்.

"நாலு நாளா எரியுது அத்தை. நின்னு எரியுது."

"நாலு நாளாவா?"

"கட்டுப்போட்டிருக்கும்போது சொல்ல வேணாம்னு பாத்தேன். மனசு கேக்கல."

தம்பி மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சந்தோஷ சமாசாரம்தானே அண்ணி, ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்றாள். எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சந்தோஷம்தான். அவன் ஆரம்பித்தது எரிகிறது, சந்தோஷம் இல்லாமல் எப்படி இருக்கும்?

சொட்டு விட வருகிறார்களா? கேட்கிறதே வண்டி உருளுகிற சத்தம். இல்லை, அது அந்தப் பக்கம் போகிறது.

வீட்டுக்குப் போனதும் நேராக அடுப்படிக்குத்தான் போனேன். அவள் குமிழைத் திருகிக் குச்சியைக் கிழித்தாள். எனக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். கழட்டிவிட்டேன்.

"கழட்டாதீங்க அத்தை."

நீலம் அம்மா. அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. உங்களுக்கும் நாளைக்குத் தெரியும், புரை எடுத்தபிறகு எல்லா நீலமும் புதிதாகத் தெரியும். இத்தனை வருஷம் பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆயிரம் தடவை பன்சன் அடுப்பு ஏற்றியிருக்கிறேன், இந்த நீலம் இல்லை.

"இது சுடரா, கண்ணா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் அத்தை" என்றாள்.

அதில் காபி போட்டாள். இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தோம். செல்லாயி எட்டிப்பார்த்து, "அட, தண்டு ஜெயிச்சிருச்சே!" என்றாள். அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம்.

அந்த வாரமே அவள் அப்பா வண்டியோடு வந்தார். வாக்கு என்றால் வாக்கு. அவள் ஒரு பெட்டிதான் எடுத்துக்கொண்டாள். போவதற்கு முன்னால் அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தேக்கரண்டியை நூலில் கட்டி டப்பா கழுத்தோடு தொங்கவிட்டிருந்தாள்.

"ஒரு தேக்கரண்டி. அதுக்குமேல வேணாம் அத்தை. பழமும் வேணாம்."

பழத்தைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. செல்லாயி சொல்லியிருப்பாள். வினையூக்கி நடத்தியவளுக்கு அளவு சொல்கிறாளே என்று நினைத்தேன், சொல்லவில்லை. சரிம்மா என்றேன். என் காலில் விழுந்தாள். எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்கப்போகிறவள் மாதிரி இருந்தது. நானும் நின்றேன். அவள் அப்பா வண்டியில் ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

இரு என்று நான் சொல்லவில்லை.

அவள் போனபிறகு குழி என் கைக்கு அடங்கவில்லை அம்மா. கொஞ்ச நாள் எரிந்தது. அப்புறம் நீலத்தில் மஞ்சள் வந்தது. அப்புறம் டிரம் மட்டும் எழும்பும், எரியாது. பேப்பரை நனைத்துப் பார்த்தேன், மஞ்சள். அவள் போட்ட அதே பொடி, அதே மட்டை. கூடக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். கைராசி என்று ஒன்று இருக்கிறது. கெமிஸ்ட்ரி படித்தவள் சொல்லக்கூடாது, ஆனால் இருக்கிறது. அது அவள் கைக்குப் பழகிவிட்டது.

ஓசூருக்குப் போன் செய்தேன்.

"கோதை, புளிச்சுப்போச்சும்மா. நீ ஒரு நடை வந்து பாத்தா சரியாயிடும்."

அவளுக்குப் பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணும் போடாதீங்க அத்தை. ஒரு மாசம் எதுவுமே போடாம சும்மா விட்டுருங்க. தானா சரியாயிடும்."

"எதுவுமே போடாமயா?"

"எதுவுமே."

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள்.

எதுவும் போடாமல் எப்படி அம்மா இருப்பது? நீங்களே சொல்லுங்கள். விடிந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் நான் ஒருத்தி. குழி அங்கே இருக்கிறது. டப்பா இங்கே இருக்கிறது. சாயங்காலமானால் கை அதுவாகப் போகும். டப்பா தீர்ந்ததும் கோயம்புத்தூரிலிருந்து இன்னொன்று தபாலில் வரவழைத்தேன். அதுவும் தீர்ந்தது. இப்போது டிரம்மில் துரு ஏறி ஓட்டை விழுந்துவிட்டது. மழை பெய்தால் அதில் டொக் டொக் என்று கேட்கும். யாரோ கதவு தட்டுகிற மாதிரி இருக்கும். எழுந்து போய்ப் பார்க்கமாட்டேன். தெரியும், மழைதான்.

என்ன கேட்டீர்கள்? இந்தக் கண்ணுக்கு மருமகளுக்குச் சொல்லவில்லையா என்றா?

சொல்லவில்லை. சொன்னால் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவாள், அப்படிப்பட்ட பெண். நான் யாரையும் வா என்றும் சொல்கிறதில்லை, இரு என்றும் சொல்கிறதில்லை.

இதோ வந்துவிட்டார்கள். சௌந்தரவல்லி நான்தான் சிஸ்டர். இடது கண். ஆமாம், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டேன். துணைக்கு வந்தவர் வெளியே காரில் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார்.

வருகிறேன் அம்மா. உங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

பூங்கோதைக்குப் போன தை மாதம் ஓசூரில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கூட வேலை பார்க்கிறவர்.